சுங்கை சிப்புட்டுக்குப் பிள்ளைகளோடு வந்தவர்களுக்கு: பள்ளி விடுமுறையும் முகாம்களும்

ஊரிலிருந்து புதிதாக வரும் பெற்றோர் மார்ச் கடைசியிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இங்கே கோடை முகாம் எங்கே நடக்குது?" மலேசியாவில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வெயில், வருடம் முழுக்க மழை. ஏப்ரலில் பிள்ளைகள் வகுப்பில்தான் இருப்பார்கள். நீங்கள் முகாம் என்று தேடுவதெல்லாம் மே கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரையிலான அரையாண்டு விடுமுறையிலும், ஆண்டு இறுதியின் நீண்ட விடுமுறையிலும் நடக்கும். கோவிட் காலத்துக்குப் பின் சில வருடங்கள் பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப் போயிருந்தது. 2026 முதல் மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. பழைய அட்டவணையைப் பார்த்து ஊருக்கு விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பள்ளி விடுமுறைக் கணக்கில் மாநிலங்கள் இரண்டு பிரிவு. சுங்கை சிப்புட் இருக்கும் பேரா மாநிலம் 'பி' பிரிவு. கெடா, கிளந்தான், திரங்கானு 'ஏ' பிரிவு, அங்கே வாரம் ஞாயிறன்று தொடங்கும். கெடாவின் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைக்கு விடுமுறை ஒரு நாள் முந்தியே வந்துவிடும்.

இன்னொன்று. அமெரிக்கா, இங்கிலாந்து பல்கலைக்கழகங்களின் கோடைக்கால வகுப்புகள் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை ஓடுபவை. அந்த நேரத்தில் இங்கே பள்ளி முழு வேகத்தில் நடக்கும். தமிழ்நாட்டின் மே மாத முகாம்களும் அப்படித்தான். அவற்றுக்காகக் காரணக் கடிதம் இல்லாமல் விடுப்பு எடுத்தால் பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும்.

சரி, உள்ளூரில் என்ன இருக்கிறது? அதற்கு முன்னால் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அரசு மானியத்தில் நடக்கும் பல திட்டங்கள் குடிமக்களுக்கு மட்டும். இந்தியச் சமுதாயத்துக்கான அரசு அமைப்பான மித்ராவின் உதவித் திட்டங்கள் அப்படிப்பட்டவை. கணவர் இந்நாட்டவர், பிள்ளை இந்தியாவில் பிறந்தது என்றால், குடியுரிமைப் பதிவு முடிந்ததா என்பதில்தான் எல்லாம் நிற்கும். பாமாயில் ஆலைக்கோ தொழிற்சாலைக்கோ வேலை பெர்மிட்டில் வந்த குடும்பம் என்றால் விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வார்காநெகாரா (குடிமக்கள்) மட்டுமா?" என்பதுதான். பிள்ளையிடம் ஆசை காட்டிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்வது கொடுமை.

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருடத்தில் அறிவியல் முகாம், ரோபோட்டிக் முகாம் என்று அலைய வேண்டாம். விடுமுறையை மலாய் மொழிக்குக் கொடுங்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும், மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழே கிடையாது. வரலாற்றை 2013இல் இந்த நிபந்தனைக்குள் கொண்டுவந்தார்கள். அதையும் மலாயில்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் இங்கே நான்காம் படிவத்தில் (இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டு) தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கணக்கு அல்ல. தொடக்கப்பள்ளி முடிவில் இருந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தில் இருந்த பி.டி.3 தேர்வு 2022இலும் போய்விட்டன. ஆகவே மூன்றாம் படிவம் வரை பெற்றோருக்கு அபாய மணி எதுவும் சரியாகக் கேட்பதில்லை. நான்காம் படிவத்தில் திடீரென்று விழித்துக்கொள்கிறார்கள்.

மலாய்க்குப் பிரத்தியேக வகுப்பு அவசியம்தான். ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கற்றது வாயில் வராது. அதற்குச் சரியான இடம் பள்ளியின் சீருடை இயக்க முகாம். சாரணர், போலீஸ் கேடட், செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் முதலுதவிப் படை என்று எந்த இடைநிலைப்பள்ளியிலும் நான்கைந்து இருக்கும். எல்லா மாணவரும் ஏதாவது ஒன்றில் சேரத்தான் வேண்டும். இவர்கள் விடுமுறையிலோ வார இறுதியிலோ இரண்டு மூன்று நாள் கூடாரம் போடுவார்கள். ஒரே கூடாரத்தில் மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, நம் பிள்ளை. யார் சோறு வடிப்பது, யார் சட்டி கழுவுவது, இரவுக் காவலுக்கு யார் என்று ஒரு ஜடுவால் (அட்டவணை) ஒட்டியிருப்பார்கள். சட்டி கழுவுகிற முறையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் மலாயில் பேசித்தான் ஆக வேண்டும். "செடியா", "செனாங் டிரி" என்று அணிவகுப்புக் கட்டளைக்கு நின்று பழகிய பிள்ளைக்கு வகுப்பில் எழுந்து பதில் சொல்லும் கூச்சமும் குறையும்.

முகாமுக்கு முன்னால் ஒரு தாள் வீட்டுக்கு வரும், பெற்றோர் அனுமதிக் கடிதம். வகுப்பின் டெலிகிராம் குழுவிலும் போடுவார்கள். முழுக்க மலாயில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். அடையாள அட்டை எண் கேட்கும் இடத்தில் உங்கள் கடவுச்சீட்டு எண்ணை எழுதலாம். 'அலாஹான்' (ஒவ்வாமை) என்ற கட்டத்தில் பிள்ளைக்கு ஒவ்வாத மருந்தும் உணவும். ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மருந்துக் குழலைப் பிள்ளையின் பையில் வைப்பதோடு ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஹலாலாகத்தான் இருக்கும், ஆனால் மாட்டிறைச்சி வரலாம். 'திடாக் மாக்கான் டாகிங் லெம்பு' (மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை) என்று ஒரு வரி சேர்த்தால் போதும்; கேட்ட உடனே கோழியோ முட்டையோ ஏற்பாடு செய்வார்கள், இது இங்கே யாருக்கும் புதிதில்லை. முழுச் சைவம் என்றால் பொறுப்பாசிரியரை நேரில் பார்த்துச் சொல்வது நல்லது. "சிக்கு" (ஆசிரியர்) என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், உடைந்த மலாயாக இருந்தாலும் முகம் மலரும்.

முகாம் முடிந்து வரும் சான்றிதழைக் கோப்பில் போட்டுப் பூட்டி வைக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. இங்கே அதற்கு மதிப்பெண் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு தேர்வு முடிவு, 10 விழுக்காடு பாடத்துக்கு வெளியே செய்யும் புறப்பாட நடவடிக்கை. பள்ளி அளவு, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏற ஏற மதிப்பு கூடும். அதனால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு நகல் எடுத்துப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்து, பதிவாகிவிட்டதா என்று ஆண்டு முடிவதற்குள் கேளுங்கள். தனியார் முகாமில் பணம் கட்டுவதற்கு முன்னால் சான்றிதழ் எந்த அளவில் கணக்காகும் என்று பள்ளியிலேயே விசாரித்துவிடுங்கள். பளபளவென்று பொன் முத்திரை குத்திய தாள்களில் பல இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

தமிழில் நடக்கும் முகாம்களுக்கும் குறைவில்லை. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிகள், கோயில்களின் சமய வகுப்புகள், தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் நிகழ்ச்சிகள் எல்லாம் பிள்ளைக்கு நண்பர்களைத் தேடித் தரும். வந்த புதிதில் அதுவும் பெரிய தேவை. ஸ்ரீ முருகன் நிலையம் 1982இலிருந்து நாடு முழுக்க நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது; பத்துமலைக்கு அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரை பெயர் பெற்றது. இவற்றைத் தவிர 'தன்முனைப்பு முகாம்' என்று ஒரு வகை உண்டு. பகலில் விளையாட்டு, கைதட்டல். கடைசி இரவில் விளக்கை அணைத்து, சோகப் பாட்டுப் போட்டு, அப்பா அம்மாவை நினைத்துப் பிள்ளைகளை அழ வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் காலில் விழுவார்கள். நான்கு நாள் கழித்துப் பாருங்கள், கைப்பேசியும் கையுமாகத்தான் இருப்பார்கள். அதற்கு நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்டால் நான் கட்ட மாட்டேன்.

ஐந்தாம் படிவம் என்றால் கதை வேறு. விடையளிக்கும் உத்திகளைச் சொல்லித்தரும் எஸ்.பி.எம். பயிலரங்குகள் கோயில் மண்டபத்திலும் பள்ளி மண்டபத்திலும் நடக்கும். விடைத்தாள் திருத்திய அனுபவமுள்ள ஆசிரியர் வந்தால் அரை நாள் உட்கார்ந்தாலும் பலன் உண்டு. அடிப்படையே ஆடும் பிள்ளைக்கு ஒலிபெருக்கியில் இருநூறு பேரோடு உட்கார்ந்து என்ன ஏறும்? அந்தப் பணத்துக்கு வீட்டருகே நாலு பேர் சேர்ந்த வகுப்பு மேல்.

படிப்பில் மிகவும் முந்தி நிற்கும் குடிமக்கள் பிள்ளைகளுக்குச் சிலாங்கூர் மாநிலத்தின் பாங்கி நகரில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜீனியஸ் பிந்தார் மையம் இருக்கிறது. இணையத்தில் தகுதித் தேர்வுகள், அவற்றில் தேறியவர்களுக்கு விடுமுறை முகாம். முன்பு பெர்மாத்தா பிந்தார் என்ற பெயரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் திறமைசாலி மாணவர் மையத்தோடு சேர்ந்து உருவாக்கியது இது. உடல் வலிமையும் துணிச்சலும் வேண்டும் என்றால் நம் மாநிலத்திலேயே, லுமுட்டில், அவுட்வார்ட் பவுண்ட் பள்ளி 1950களிலிருந்து இயங்குகிறது. கடல், மலை, கயிறு எல்லாம் உண்டு. கட்டணமும் அதற்கேற்ப இருக்கும்.

செலவைப் பற்றிப் பேசும்போது, உங்கள் மாமனார் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா? வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர்களே வாங்கட்டும் என்று இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பழைய பங்குப் பத்திரம் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆற்றோர முகாம். மேலே மலையில் மழை பெய்தால், முகாமிடத்தில் வெயிலடித்தாலும் ஆறு திடீரென்று பொங்கி வரும். 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள், ஆண்டுதோறும் செய்தியில் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலும் உண்டு. காலில் புண்ணோடு பிள்ளையை ஆற்றில் இறங்க விடாதீர்கள். ஆண்டு இறுதி முகாம்கள் பருவமழைக் காலத்தில் நடக்கின்றன. இடம் எது, ஆற்றில் இறங்குவார்களா, மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் வட்டாரத்துக்கு அந்த அலுவலகம் கோலகங்சாரில். கேட்டால் முகம் சுளிக்கும் ஏற்பாட்டாளரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

போக்குவரத்துக்கு: பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஈப்போவில்தான். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருப்பவர்கள் சமாளித்துவிடலாம். உள்தோட்டத்தில் குடியிருந்தால், முகாமிலிருந்து வண்டி பள்ளி வாசலுக்குத் திரும்பும் நேரத்தில் உங்கள் பக்கம் பேருந்து இருக்காது. பதிவு செய்யும் அன்றே, அதே முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் யாராவது கார் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, எண்ணெய்க் காசைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நேரம் ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.