பெயரில்லாப் பூரானுக்குப் பெயர் கிடைத்த விதம்

பெட்டியில் 'வியட்நாம் பூரான்' என்று மட்டும் எழுதியிருந்தது. அது விற்பவர்கள் வைக்கும் பெயர், இனத்தைச் சொல்லாது. நிறத்தையும் நம்ப முடியாது; ஒரே இனத்திலேயே பல நிறங்கள் உண்டு. 21 ஜோடிக் கால்கள், தலையின் இருபுறமும் நான்கு நான்கு சிறு கண்கள் என்று பார்த்ததும் ஸ்கோலோபென்ட்ரிடே குடும்பம் என்பது வரை தெளிவானது. அதற்கு மேல் கையில் பிடித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடித்தால் உயிர் போகும் வலி.

ஆகவே தோலுரிக்கும்வரை காத்திருந்தேன். உரித்த சட்டையைப் பூரானே தின்றுவிடும் என்பதால், நீண்ட இடுக்கியால் உடனே எடுத்து, நீரில் ஊறவைத்து விரித்தேன். இந்த விற்பனைப் பெயரில் வரும் ஒத்த தோற்றமுள்ள இரண்டு இனங்கள் ஸ்கோலோபென்ட்ரா சப்ஸ்பினிபெஸ், ஸ்கோலோபென்ட்ரா டெஹானி. இவற்றைப் பிரித்தறியும் சாட்சி கடைசிக் கால்களில் இருந்தது. தடித்த முதல் கணுவின் அடிப்புறத்தில் சப்ஸ்பினிபெஸ் இனத்துக்குக் குட்டி முட்கள் இருக்கும்; டெஹானிக்கு இருக்காது. உருப்பெருக்கியில் அந்த இடம் வழவழவென்றிருந்தது. ஸ்கோலோபென்ட்ரா டெஹானி என்று சீட்டை மாற்றி ஒட்டினேன்.