ட்ரில்லிங் மிஷின் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

புதிதாகக் குடிபோன வீட்டில் திரைச்சீலை மாட்ட வேண்டியிருந்தது. நாலு ஓட்டைக்கு ஆளைக் கூப்பிடுவானேன் என்று நானே ஒரு ட்ரில்லிங் மிஷின் வாங்கினேன். 350 வாட், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் 10 எம்.எம். கூடவே துளைபோடும் பிட், ஸ்க்ரூ, சுத்தியல், டேப் என்று நூற்றுச் சொச்சம் சாமான் அடுக்கிய பெட்டி. ஜன்னலுக்கு மேலே வைத்து அழுத்தினேன். அரை இஞ்ச் சரசரவென்று இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. தோளைக் கொடுத்து அழுத்தியும் கருகல் வாடைதான் வந்தது, ஓட்டை இம்மியும் ஆழமாகவில்லை. பிட்டை உருவிப் பார்த்தால் நுனி நீலம் பாய்ந்திருந்தது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் தரையில் சிந்தியிருந்த தூளைத்தான் முதலில் பார்த்தார். "சார், இது லிண்டல், ஜன்னலுக்கு மேல போற கான்கிரீட். இந்த மிஷினுக்கு ஆகாது."

மிஷினைப் பார்த்து வாங்கினேன், சுவரைப் பார்க்கவில்லை. பலரும் செய்கிற தவறு அதுதான். செங்கல் வீட்டில்கூட எல்லா இடமும் செங்கல் இல்லை. மேலே அரை இஞ்ச் பூச்சு, அதற்குள் செங்கல். ஆனால் ஜன்னல், கதவுக்கு மேலே ஓடும் லிண்டலும், தூண், பீம், கூரையும் கான்கிரீட். திரைச்சீலைக் கம்பியும் சீலிங் ஹூக்கும் போய் விழுவது சரியாக அங்கேதான். தூள் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்து பிட்டும் இறங்க மறுத்தால் கான்கிரீட். சில புது அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவரையுமே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். அங்கே சிவப்புத் தூளைப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது தவறு, 'ஹேமர்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. சுற்றிக்கொண்டே தட்டவும் செய்கிற மிஷின் இரண்டு வகை. இம்பேக்ட் ட்ரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும். நிமிடத்துக்கு 40,000 தட்டுக்கு மேல் வரும், ஆனால் ஒவ்வொன்றும் நகத்தால் தட்டுகிற மாதிரி. அழுத்தம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். ரோட்டரி ஹேமர் அப்படியில்லை. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சுத்தியலைத் தள்ளும். நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான், ஒவ்வொன்றும் நிஜ அடி. அதனால்தான் எலக்ட்ரீஷியன் ஒரு கையால் சும்மா பிடித்துக்கொண்டே கான்கிரீட்டில் ஓட்டை போடுகிறார்.

அப்படியானால் ரோட்டரி ஹேமரையே வாங்கிவிடலாமே? அதுவும் தவறுதான், உங்கள் வீடு செங்கல் வீடாக இருந்தால். அதன் சக் எஸ்.டி.எஸ். பிளஸ் என்ற வகை. காடி வெட்டிய பிட்டுகள்தான் உட்காரும். மரத்துக்கும் இரும்புக்குமான சாதா பிட்டைப் போட தனி அடாப்டர் சக் வேண்டும், அதை மாட்டினால் நுனி லேசாக ஆடும். கனமும் அதிகம், விலையும் கூட. என் கணக்கு இதுதான்: செங்கல் வீட்டுக்கு 13 எம்.எம். சக் உள்ள, 550 முதல் 650 வாட் இம்பேக்ட் ட்ரில். முழுக் கான்கிரீட் அடுக்குமாடிக்கு 2 ஜூல் அடி தரும் சின்ன ரோட்டரி ஹேமர் (ஒரு அடியின் பலத்தைச் சொல்வதுதான் ஜூல்). கான்கிரீட்டில் எப்போதோ ஒரு ஓட்டை என்றால் அந்த ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

வாட் எண்ணில் மயங்க வேண்டாம். அது மிஷின் இழுக்கும் மின்சாரம், பிட் நுனிக்குப் போகும் பலம் அல்ல. பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ்ஸில் வோல்ட் கதை இன்னும் வேடிக்கை. ஐந்து லித்தியம் செல், ஒன்று 3.6 வோல்ட், ஆக 18. அதையே முழுச் சார்ஜில் அளந்து 20 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. 48 வி.எஃப். என்று ஒட்டி வரும் பெயர் தெரியாத சரக்கின் எண்ணை நம்பாதீர்கள். கட்டில், அலமாரி பூட்டுவதற்கு கார்ட்லெஸ் அருமை. லிண்டலில் அதை வைத்துப் போராடாதீர்கள்.

பெட்டியோடு வரும் பிட்டுகள்தான் என்னை அதிகம் ஏமாற்றியவை. நான் நீலம் பாய்ச்சியது தங்க நிறத்தில் பளபளத்த ஒன்று. அது இரும்புக்கானது என்றே எனக்குத் தெரியாது. சுவர் பிட்டின் நுனியில் அம்புத் தலை போல கார்பைடு என்ற கடினமான துண்டு பதித்திருக்கும். மர பிட்டுக்கு நடுவில் ஊசி முனை இருக்கும். வெற்று மிஷினாக வாங்கி, நல்ல சுவர் பிட் 6, 8 எம்.எம். இரண்டை மட்டும் தனியாக வாங்குவது மேல். ஆடும் பிட் 6 எம்.எம். ஓட்டையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும்.

டைல்ஸில் துளைக்கும்போது ஹேமரை, அதாவது தட்டும் வேலையை, அணைக்க மறப்பவர்களும் உண்டு. மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு டைல்ஸைக் கடந்த பிறகே ஹேமர். இதற்காகத்தான் கடையிலேயே ட்ரிகரை அழுத்திப் பார்க்கச் சொல்கிறேன். கொஞ்சம் அழுத்தினால் மெதுவாகவும் முழுக்க அழுத்தினால் வேகமாகவும் சுற்ற வேண்டும். ரிவர்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது. பக்கவாட்டுக் கைப்பிடியும் வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பிட் சிக்கினால் மிஷின் மணிக்கட்டைத் திருகிவிடும். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேயக்கூடியது, விலை அற்பம், ஆனால் உங்கள் ஊரில் கிடைக்காத மாடல் என்றால் மிஷினே காயலான் கடைக்குத்தான்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் எந்த மிஷினாலும் துளைக்காதீர்கள். ஒயர் குழாய் அந்த வழியாகத்தான் இறங்கும்.

ஹால் ஜன்னலை எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டார். போகும்போது, "லிண்டல் அரை அடி உசரம்தான் சார், அதைத் தாண்டினா செங்கல்" என்றார். பிறகு 600 வாட் இம்பேக்ட் ட்ரில் ஒன்று வாங்கி, படுக்கையறையில் அரை அடி தள்ளி மேலே வைத்தேன். சிவப்புத் தூள் கொட்டியது. ஹாலில் ஒரு உயரம், படுக்கையறையில் வேறு உயரம் என்று திரைச்சீலைகள் தொங்குகின்றன. வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள்.