வெயிலுக்கு முன் புல்தரைக்கு ஒரு கவனிப்பு

சென்னையில் புல்தரையைச் சீர்செய்யத் தை மாதம்தான் நல்ல நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இறுகிப்போயிருக்கும். மேலே உரம் போட்டாலும் வேருக்கு இறங்காது.

முதலில் கோரையைப் பிடுங்குங்கள். இலையை மட்டும் கிள்ளினால் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். முந்தின நாளே தண்ணீர் விட்டு, கிழங்கோடு தோண்டி எடுங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் இதில் மட்டும் அவசரம் கூடாது.

அப்புறம் தோட்ட ஃபோர்க்கால் அரையடிக்கு ஒரு குத்தாக, 3 அங்குல ஆழத்துக்குத் துளை போடுங்கள். சலித்த மண்புழு உரத்தையும் மணலையும் கலந்து மெல்லிசாகத் தூவி, தென்னந்துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். தண்ணீர் காலையிலேயே விடுங்கள். மாமர நிழலில் அருகம்புல் சரியாக வராது. அங்கே திரும்பத் திரும்ப நட வேண்டாம்.