மார்ஃபின் மாத்திரையும் வீட்டுச் சண்டையும்: வீட்டுக்குப் போகும் நர்சுகளுக்கு

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து வீடுகளில், கடைசிக் காலத்தில் வலியோடு படுத்திருக்கும் மாமனாருக்கு வேளாவேளைக்கு மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுப்பது பெரும்பாலும் மருமகள். தடுப்பது, துபாயிலிருந்து வந்து இறங்கும் மகன். "போதை மருந்து குடுத்து அப்பாவ முடிச்சிடப் பாக்கறீங்களா?" அவரிடம் வாதாடாதீர்கள். படுக்கைவிரிப்பு மாற்றும்போது ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். புரட்டும்போது அப்பா பல்லைக் கடிப்பதைப் பார்த்தபின் பேச்சு இறங்கிவிடும்.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்து டாக்டர் சீட்டைப் படியுங்கள். வழக்கமான தொடக்கம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரையில் பாதி. முதியவர், சிறுநீரகம் பழுதானவர் என்றால் 2.5, இடைவெளியும் கூடலாம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. சீட்டில் எழுதியிருந்தால் இரவு வேளை இரட்டிப்பு; 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். இடையில் கிளம்பும் வலிக்கு அன்றைய மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 'வலிச்சா குடுக்கலாம்' என்று வேளையைத் தள்ளினால் வலி முற்றி, அடக்குவது கடினமாகும். மாத்திரையை ஒளித்துவைக்கும் மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: பல நாள் கொடுத்ததைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும்.

முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். இதை மறக்கும் வீடுகள்தான் அதிகம். 3 நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகி அவர் முனகுவார். பழி மார்ஃபின்மேல் விழும். முதல் 2, 3 நாள் தூக்கம் சகஜம், பல இரவு தூங்காத உடம்பு. தட்டி எழுப்பினாலும் விழிக்காமல், மூச்சு நிமிடத்துக்கு 8-க்குக் குறைந்து, கண்பாவை குண்டூசித் தலையாகச் சுருங்கினால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலும் சொல்ல வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும்: நேரம், அளவு, வலி பத்துக்கு எத்தனை, கொடுத்தவர் கையெழுத்து. மாலையில் மீதி மாத்திரையை இரண்டு பேர் எண்ணட்டும். பெட்டிக்குப் பூட்டு, சாவி ஒருவரிடம் மட்டும்.

விழுங்க முடியாதபோது வாயில் திணிக்காதீர்கள். வேறு வழியை டாக்டர் எழுதித் தருவார். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

இதை முன்கூட்டியே, மகன் காதுபட: வேளாவேளைக்கு மருந்து போகிறது, ஆகவே உயிர் எப்போது பிரிந்தாலும் அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஏதாவது ஒரு வேளை மருந்து போயிருக்கும். சொல்லாமல் விட்டால் 16-ஆம் நாள் காரியத்தில், "அண்ணி, கடைசியா நீங்கதானே குடுத்தீங்க?" என்று யாராவது கேட்பார்கள்.