நிக்கல்–இரும்பு வினையூக்கி மின்முனை: தயாரிப்பதும் நம்பகமாக அளப்பதும்

நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 25 பாகை செல்சியஸில் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும் என்றாலும், நடைமுறையில் எந்த மின்கலத்துக்கும் அதைவிடக் கூடுதலாகவே தர வேண்டியிருக்கிறது. மிகை மின்னழுத்தம் எனப்படும் இந்தக் கூடுதலைக் குறைப்பதே வினையூக்கியின் வேலை. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாக வெளியேற வேண்டியிருப்பதால், இழப்பின் பெரும்பகுதி ஆக்சிஜன் பக்கத்திலேயே ஏற்படுகிறது. அமில ஊடகத்தில் இதற்கு இரிடியம் போன்ற அரிய உலோகம் தேவைப்படுகிறது. கார ஊடகத்திலோ எளிதில் கிடைக்கும் நிக்கலும் இரும்புமே போதுமானவை. தயாரிப்பு எளிது, கிடைக்கும் எண்ணை நம்பும்படி அளப்பதுதான் கடினம் என்பதால், அதற்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

முதலில் நுண்துளைகள் நிறைந்த நிக்கல் நுரைத் தகட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, அசிட்டோனிலும், பிறகு 3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் சில நிமிடங்கள் கழுவி, மேற்பரப்பிலுள்ள எண்ணெய்ப் பசையையும் ஆக்சைடு படலத்தையும் நீக்கி, அயனி நீக்கிய நீரில் நன்றாக அலசுங்கள். நிக்கல் நைட்ரேட்டும் இரும்பு(III) நைட்ரேட்டும் தலா 3 மில்லிமோலார் கரைந்த நீரில் அதை அமிழ்த்தி, மின்னழுத்தத்தை அளக்க மாறாத அளவுகோலாக நிற்கும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராக −1.0 வோல்ட்டில் சுமார் 300 நொடிகள் வைத்திருங்கள். நைட்ரேட் ஒடுக்கமடையும்போது மின்முனையை ஒட்டிய நீர் காரமாகிறது. அந்த இடத்திலேயே இரு உலோகங்களின் ஹைட்ராக்சைடுகளும் மெல்லிய படலமாகப் படிகின்றன. படலம் படிந்த துண்டை மெதுவாக அலசிக் காற்றில் உலர விடுங்கள்.

அளவீட்டுக்கு 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கும் காரத்தில் நுண்ணளவில் இரும்பு இருக்கும். வெறும் நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொண்டு நல்ல வினையூக்கியைப் போல நடந்துகொள்ளும். இரும்பு மாசின் இந்த விளைவை மின்வேதியியல் ஆய்வாளர் டென்னிஸ் காரிகன் 1987-லேயே எடுத்துக்காட்டினார். எனவே இரும்பு இல்லாத நிக்கலோடு ஒப்பிட விரும்பினால் கரைசலைத் தூய்மைப்படுத்தியே ஆக வேண்டும். தூய நிக்கல் உப்பில் காரம் சேர்த்துப் பெறும் பச்சை வீழ்படிவைப் பலமுறை கழுவி, கரைசலில் இட்டுக் குலுக்கி, சில மணி நேரம் விட்டுவைத்தால் அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; மைய விலக்கியில் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காரம் கண்ணாடியை அரிக்கும் என்பதால் பாலிபுரொப்பிலீன் அல்லது டெஃப்லான் பாத்திரங்களையே பயன்படுத்துங்கள்.

ஒப்பீட்டு மின்முனையாகக் காரத்தில் நிலையாக இருக்கும் பாதரசம்–பாதரச ஆக்சைடு ஏற்றது. அதன் மதிப்பைப் புத்தகத்திலிருந்து எடுப்பதைவிட, அதே கரைசலில் ஹைட்ரஜன் குமிழிட்ட பிளாட்டினத்துக்கு எதிராக நேரடியாக அளந்து சரிபார்ப்பது நல்லது. மின்சுற்றை முடிக்கும் துணை மின்முனையாகக் கிராஃபைட் தண்டு போதும். ஹைட்ரஜன் பக்க வினையூக்கியைச் சோதிப்பவர்கள் பிளாட்டினத்தைத் துணை மின்முனையாக ஒருபோதும் வைக்கக் கூடாது. அது கரைந்து சோதனைப் பொருளின் மேல் படிந்து, இல்லாத திறனைக் காட்டிவிடும்.

அடுத்தது கரைசலின் மின்தடை. அது 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம்: 10 மில்லிஆம்பியரில் 20 மில்லிவோல்ட் மட்டுமே பிழையாகும், 100 மில்லிஆம்பியரில் அதே தடை 200 மில்லிவோல்ட்டை விழுங்கிவிடும். நல்ல நிக்கல்–இரும்பு மின்முனையின் மிகை மின்னழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் ஏறத்தாழ 250 மில்லிவோல்ட்தான் என்பதை நினைத்தால், இந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்தில் செய்யும் மின்மறுப்பு அளவீட்டில் தடையைக் கண்டறிந்து கழியுங்கள். எத்தனை விழுக்காடு கழித்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது, மீள்ஹைட்ரஜன் மின்முனை அளவில் (அதே கரைசலிலுள்ள ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாகக் கொண்டால்) 1.4 வோல்ட்டுக்கு அருகே மின்னோட்ட வளைகோட்டில் ஒரு முகடு தோன்றும். அது நிக்கல் ஆக்சிஜனேற்றமடைவதன் அடையாளமே தவிர, ஆக்சிஜன் வெளிவருவதன் தொடக்கமன்று. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, ஒவ்வொரு மின்னோட்டத்திலும் சில நிமிடங்கள் நிலைநிறுத்தி, மின்னழுத்தம் நிலைபெற்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். வேகமாக வரையும் வளைகோட்டைவிட இந்தப் புள்ளிகளையே நான் நம்புவேன். நுரையின் உண்மையான பரப்பு அதன் நீள அகலக் கணக்கைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், தட்டையான மின்முனையின் எண்ணோடு இதை நேரடியாக ஒப்பிடுவது நியாயமாகாது.

கடைசியாக வாயுவை அளக்க வேண்டும். மின்னோட்டம் முழுவதும் ஆக்சிஜனாகத்தான் மாறியது என்று மின்கருவி சொல்லாது; வினையூக்கியைத் தாங்க கார்பன் பயன்படுத்தியிருந்தால் அது அரிபடுவதும் மின்னோட்டமாகவே பதிவாகும். இரு பக்க வாயுக்களும் கலக்காதபடி பிரித்து, 100 மில்லிஆம்பியரை ஒரு மணி நேரம் செலுத்துங்கள். 25 பாகையிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் உலர் ஹைட்ரஜன் சுமார் 45.6 மில்லிலிட்டரும், ஆக்சிஜன் அதில் பாதியும் கிடைக்க வேண்டும். நீரின் மேல் சேகரித்தால் நீராவிக்கு உரிய சுமார் 3 விழுக்காட்டைக் கழித்துவிடுங்கள். காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால், காற்றோட்டமுள்ள இடத்தில், பொறியோ சுடரோ அருகில் இல்லாமல், கண்காப்பும் கையுறையும் அணிந்தே இதைச் செய்யுங்கள். ஆக்சிஜனின் அளவு குறைந்தால், முதலில் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு இல்லையென்றால் மின்முனையிலேயே ஏதோ அரிபடுகிறது என்று பொருள்.