கடன் சங்கச் செயலாளர்கள் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகள் சிலர் அவ்வப்போது கோப்பும் கையுமாக வந்து சந்தேகம் கேட்பார்கள். பிரித்துப் பார்த்தால், எங்கள் காலத்துச் செயலாளர்கள் செய்த அதே கோளாறுதான், புதுத்தாளில் இருக்கும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட மறந்தது, தேதி விட்டுப்போனது மாதிரியானவற்றைத் தணிக்கைக்கு வருபவரே காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜாமீன்தாரரைக் கேட்காமல் தவணையைத் திருத்துவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரே ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஒரு சங்கத்தில் நடந்தது. உறுப்பினர் ஒருவர் ஐந்து லட்ச ரூபாய் கடன் வாங்கியிருந்தார், 60 மாதத் தவணை. சக பணியாளர்கள் இருவர் ஜாமீன். பாதி வழியில் மகள் கல்யாணம் வந்தது, தவணையைக் குறைத்துத் தரச் சொன்னார். நிர்வாகக் குழுவும் இரக்கப்பட்டது. மாதத் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, வட்டியை அரை சதவீதம் கூட்டித் தீர்மானம் போட்டார்கள். கடன்தாரரிடம் புது ஒப்பந்தமும் வாங்கியாயிற்று. ஜாமீன்தாரர்களில் ஒருவருக்கு அன்று நைட் ஷிப்ட், இன்னொருவர் விடுப்பு. "அப்புறம் வாங்கிக்கலாம் சார்" என்றார் எழுத்தர். அந்த அப்புறம் வரவே இல்லை.

சில காலம் கழித்துக் கடன்தாரர் விருப்ப ஓய்வில் போய்விட்டார். சம்பளப் பிடித்தம் நின்றது. சங்கம் ஜாமீன்தாரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கூட்டுறவுச் சங்கச் சட்டம் 90-ஆம் பிரிவில் தாவாவும் போட்டது. விசாரணைக்கு வந்த வக்கீல் நீளமாக எதுவும் வாதாடவில்லை. "தீர்மானத்துக்கு அப்புறம் என் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருந்தால் காட்டுங்கள்" என்றார், அவ்வளவுதான். செயலாளர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். முதல் நாள் வாங்கிய ஜாமீன் பத்திரத்தைத் தவிர எதுவும் இல்லை.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இது நேரடியாகவே இருக்கிறது. கடன்தாரரோடு போட்ட ஒப்பந்தத்தை ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 133-ஆம் பிரிவு. கடன்தாரருக்கு அவகாசம் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஜாமீன்தாரர் விடுபட்டுவிடுவார் என்கிறது 135. அந்தச் சங்கம் இரண்டையும் ஒரே தீர்மானத்தில் செய்து முடித்திருந்தது. ஜாமீன்தாரர்கள் வெளியே போனார்கள். பணம் நின்றுபோயிற்று. தணிக்கையில் குறிப்பு ஏறி, கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் செயலாளர் பெயருக்குத் தண்டத்தீர்வை நோட்டீஸ், அதாவது சங்கத்தின் நஷ்டத்தைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ், வந்தது. இரக்கப்பட்டது குழு; பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சும்மா இருப்பது வேறு, அவகாசம் தருவது வேறு. கடன்தாரர் மேல் வழக்குப் போடாமல் சங்கம் பேசாமல் இருந்தது என்பதற்காக மட்டும் ஜாமீன்தாரர் தப்ப முடியாது. 137-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கடன்தாரரோடு ஒப்புக்கொண்டு நாள் கொடுத்தால்தான் சிக்கல். அதேபோல, கடன்தாரர் கெஞ்சினார் என்று அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால், அந்தச் சொத்தின் மதிப்பு அளவுக்கு ஜாமீன்தாரரின் பொறுப்பு குறைந்துவிடும். அது 141.

"எங்கள் ஜாமீன் பத்திரத்தில் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்கிறோம்" என்று சிலர் சொல்வதுண்டு. வாசகம் தெளிவாக இருந்தால் கைகொடுக்கும். ஆனால் நான் பார்த்த பல படிவங்களில் அந்த வரியே இல்லை, அல்லது அந்தப் பக்கம் வெற்றாகவே கையெழுத்தாகி இருக்கும். அதை நம்பாதீர்கள். பாக்கி எவ்வளவு, புதுத் தவணை எவ்வளவு, வட்டி என்ன, எத்தனை மாதம் என்று ஒரு பக்கக் கடிதம் அடியுங்கள். கடன்தாரர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே, அதே மேசையில் ஜாமீன்தாரர்களும் போடட்டும். ஒருவர் வரவில்லையா, மாற்றமும் அன்றைக்கு இல்லை.

கடன்தாரரை முதலில் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று நினைப்பது

தேவையில்லை. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவைப் படியுங்கள்.

பி.எஃப்., கிராஜுவிட்டியை ஈடாக எண்ணுவது

தனியார் ஆலைச் சங்கங்களில் இது சகஜம். "ஓய்வு பெறும்போது பி.எஃப்.-இல் பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். உறுப்பினர் கணக்கில் இருக்கும் பி.எஃப். தொகையை எழுதிக்கொடுக்கவும் முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது. பி.எஃப். சட்டம் அதைத் தடுக்கிறது. கிராஜுவிட்டியை நீதிமன்ற ஆணை கொண்டு ஜப்தி செய்வதையும் சட்டம் தடுக்கிறது. கடன் வரம்பு போடும்போது இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முழுத்தொகைக்குக் காசோலையை நிரப்புவது

பாதிக் கடன் கட்டியவரிடம் முன்பு வாங்கிய காசோலையில் முழுத்தொகையை எழுதி வங்கியில் போடாதீர்கள். திரும்பி வந்தாலும், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் போடும் காசோலை மோசடி வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வசூலுக்குப் போய் ஊரைக் கூட்டுவது

வேண்டாம். போட்டோவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் வேண்டாம்.

மஞ்சள் கடுதாசியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொள்வது

கடன்தாரரின் வக்கீல் "என் கட்சிக்காரர் ஐ.பி. போட்டிருக்கிறார்", அதாவது திவால் மனு போட்டிருக்கிறார், என்று எழுதினால் பல சங்கங்களில் கோப்பை மூடிவிடுகிறார்கள். மனுப் போட்டதாலேயே ஒருவர் திவாலாகிவிடுவதில்லை. சென்னைக்கு வெளியே இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நொடித்தவர் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான், ஈடில்லாக் கடனுக்கு அனுமதி இல்லாமல் நடவடிக்கை எடுக்க முடியாது. நடுவில் நீதிமன்றம் இடைக்காலத் தடை ஏதும் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். சொத்தை மனைவி பேருக்கு மாற்றிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அவர் சொன்னதுதான் கணக்கு. உத்தரவு வந்தபின் உங்கள் பாக்கியை ஆதாரத்தோடு பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, அவர் திவாலில் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைக் காட்டி, ஜாமீன்தாரர்கள் மேலான தாவாவைத் தொடரலாம்.