மீண்டும் கூடும் இசைக்குழுவைப் பதிவு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள்ளியவளையில் சென்ற மாதம் ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு இளைஞர்கள் மைக் கம்பிகளை விரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கலைந்துபோன ஓர் இசைக்குழு மறுபடியும் மேடை ஏறப்போகிறது. அதைப் பதிவு செய்யும் பொறுப்பு இவர்களுடையது. அந்த வயதில் என்னிடம் இருந்தவற்றைவிட நல்ல கருவிகள் இவர்களிடம் இருக்கின்றன. காதும் நல்ல காது. "யார் யாரிடம் கையெழுத்து வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "எல்லோரும் தெரிந்தவர்கள்தானே அண்ணை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள்.

2017 இல் நானும் இதையேதான் சொன்னேன். அன்று நான் செய்த பதிவு இன்றுவரை வெளிவரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பற்றரியைச் சார்ஜ் செய்யுங்கள், மைக்கை ஒரு முறை தட்டிப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை இரண்டாவது கச்சேரியிலேயே தானாகப் பழகிவிடும்.

மிக்சரின் வெளியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது

மேடையின் மைக்குகளையெல்லாம் ஒன்றாகக் கலக்கும் மிக்சரிலிருந்து வருவது, மண்டபத்தில் இருப்பவர்களுக்காகச் சமன் செய்யப்பட்ட ஒலிதான். சிறிய மண்டபத்தில் ட்ரம்ஸ் தானாகவே காதை அடைக்கும். ஆகவே மிக்சரில் இருப்பவர் அதைக் குறைத்து வைத்து, பாடகரின் குரலை உயர்த்துவார். அங்கே இருப்பவருக்கு அது சரி. வீட்டில் போட்டுக் கேட்டால் பாடகர் உங்கள் மூக்குக்கு முன்னால் நிற்பார், ட்ரம்ஸ் பக்கத்து வீட்டில் ஒலிக்கும். ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில், அதாவது ட்ராக்கில், எடுங்கள். கூட்டத்தின் ஒலிக்கு இரண்டு மைக் வேறாக வையுங்கள். அவற்றை மேடையிலிருந்து 34 மீற்றர் தள்ளி வைத்தால் ஒலி அங்கே போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். பிறகு தடங்களைச் சேர்க்கும்போது அந்த இடைவெளியை நகர்த்திச் சரி செய்யாவிட்டால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும்.

மின்பிறப்பாக்கியை மேடைக்குப் பின்னால் நிறுத்துவது

வேண்டாம். நீளமான கம்பி வாங்குங்கள்.

ஒரே கோப்பில் எல்லாவற்றையும் நிரப்புவது

24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஒலித்தரத்தில் 16 தடங்களை ஒரே கோப்பாக எழுதும் கருவியில் அரை மணி நேரத்திலேயே கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டிவிடும். பல மெமரி கார்ட்களில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளர முடியாது. எல்லையை எட்டும்போது உங்கள் கருவி அடுத்த கோப்பைத் தானாகத் திறக்கிறதா, இடையில் ஒலி அறுபடுகிறதா என்பதை வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது

நான் பதிவு செய்த குழு 2003 இல் வவுனியாவில் தொடங்கியது. யுத்தநிறுத்தம் வந்து, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து, சனங்கள் கொஞ்சம் மூச்சு விட்ட காலம் அது. ஐந்து பேர். இரண்டு கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், ஒரு பாடகர். அரிசி ஆலை ஒன்றின் பின்புறத்தில்தான் ஒத்திகை. ஆலை ஓடும்போது எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் அயலில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தமிழில் சொந்தமாகப் பதினொரு ரொக் பாடல்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் ஆறு பாடல்களை எழுதி மெட்டமைத்தவர் இரண்டாவது கிற்றார் வாசித்தவர். அவருடைய வீடு கிளிநொச்சியில் இருந்தது. 2006 ஆகஸ்டில் வீதி மூடப்பட்டபோது அவர் தாயைப் பார்க்கப் போயிருந்தார். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இப்பால் அவர் பிறகு வரவேயில்லை. 2009 இல் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மனிக் பாம் முகாமுக்குத் தாய் தனியாக வந்து சேர்ந்தார்.

2017 ஆகஸ்டில் மற்ற நால்வரும் வவுனியாவில் கூடினார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவர் ரொறன்ரோவிலிருந்தும் பாடகர் பாரிஸிலிருந்தும் வந்தார்கள். நான் ஒரு சதமும் வாங்காமல் 16 தடங்களில் பதிவு செய்தேன். மேடையின் வலப்பக்கத்தில் வராதவருடைய கிற்றாரைத் தாங்கியில் நிறுத்தி, அருகில் அவருடைய படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி, ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அந்த ஒரு நிமிடமும் என் பதிவில் இருக்கிறது. மின்விசிறிகளின் சுழற்சியும் ஒரு குழந்தையின் இருமலும் கேட்கும். தாயை யாரும் அழைக்கவில்லை. வந்து பார்த்தால் மனம் உடைந்துபோவார் என்று நினைத்தோம்.

ஒக்டோபரில் தடங்களையெல்லாம் சேர்த்துக் கலவையை முடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். முதலில் மறுத்தவர் பாடகர். கடைசி நான்கு பாடல்களில் தன் குரல் போய்விட்டது என்றார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் தவறு என்பதை லெட் செப்பலின் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் கதையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். 1980 இல் ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொன்ஹாம் இறந்த பிறகு கலைந்த அந்தக் குழு, 1985 ஜூலை 13 இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எயிட் நிகழ்ச்சிக்காகப் பிலடெல்பியாவின் ஜே.எஃப்.கே. விளையாட்டரங்கில் மீண்டும் கூடியது. ட்ரம்ஸுக்கு டோனி தொம்சனும் பில் கொலின்ஸும். கொலின்ஸ் அன்றே லண்டனில் பாடிவிட்டுக் கொன்கோர்ட் விமானத்தில் வந்து இறங்கியவர். ஒத்திகை போதவில்லை. ரொபர்ட் பிளாண்டின் குரல் கரகரத்தது. ஜிம்மி பேஜின் கிற்றார் சுருதி விலகியிருந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனால் 2004 இல் அந்த நிகழ்ச்சி நான்கு டிவிடிகளாக வந்தபோது இவர்களுடைய பகுதி அதில் இல்லை. வேண்டாம் என்று அவர்களே மறுத்திருந்தார்கள். அதற்கு ஈடாகத் தங்களுடைய வேறு வருமானத்தை அந்த நிவாரணப் பணிக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதே குழு 2007 டிசம்பர் 10 இல் லண்டனில், பொன்ஹாமின் மகனை ட்ரம்ஸில் அமர்த்தி, நன்கு ஒத்திகை பார்த்து வாசித்தது. அந்தப் பதிவும் 2012 வரை காத்திருந்தே வெளிவந்தது. கூட்டம் கைதட்டியதை வைத்து வாசித்தவரின் மனத்தை நாம் முடிவு செய்ய முடியாது. ஐந்து மாதங்கள் பேசிய பின், இரண்டு பாடல்களை விட்டுவிடுவது என்று எங்கள் பாடகர் ஒத்துக்கொண்டார்.

அடுத்தவர் மண்டபத்துக்குப் பணம் தந்த நண்பர். செலவு தன்னுடையது, ஆகவே பதிவும் தன்னுடையது என்றார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை அப்போதுதான் முதல் தடவையாகக் கையில் எடுத்தேன். பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரையே அது தயாரிப்பாளர் என்கிறது. மண்டப வாடகை கொடுத்ததால் மட்டும் ஒருவர் தயாரிப்பாளராகிவிடுவதில்லை. ஆனால் ஒரு வரியாவது எழுதி வைத்திருந்தால் அந்த நட்பில் விரிசல் விழுந்திருக்காது. மேடையில் வாசிப்பவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய வாசிப்பைப் பதிவு செய்யக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாசித்தவருக்கான உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடலை ஆக்கியவருக்கான உரிமை அவருடைய வாழ்நாள் முழுவதும், அதற்கு மேல் இன்னும் 70 ஆண்டுகள்.

அவருடைய வாழ்நாள் முழுவதும். அந்தச் சொற்களை நான் வாசித்துக்கொண்டு அப்படியே கடந்துபோய்விட்டேன்.

ஆறு பாடல்களுக்கும் தாயிடம் ஒப்பம் வாங்க ஒரு பக்க ஒப்பந்தம் தட்டச்சு செய்துகொண்டு 2018 இல் கிளிநொச்சிக்குப் போனேன். தேநீர் தந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தார். மகனுடைய பெயர் வரும் இடத்தில் விரலை வைத்தார். பெயருக்கு முன்னால் நான் "காலஞ்சென்ற" என்று எழுதியிருந்தேன்.

"தம்பி, இந்தச் சொல்லை யார் எழுதியது?"

நான்தான் என்றேன். மன்னியுங்கள் அம்மா, இப்போதே வெட்டிவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"இதில் வெட்டலாம். மேடையில் மாலை போட்டீர்களாமே, அதை என்ன செய்வீர்கள்?"

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். இவரும் அவர்களில் ஒருவர். அந்தக் கொட்டகையைக் கடந்து நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்திருக்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஒன்றுக்கும் மாலை இருந்ததில்லை. அதைப் பார்த்த கண்களோடு மேடையில் மாலை ஏறியபோது ஒலியின் அளவைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய் அந்தச் சொல்லையும் தட்டச்சு செய்தேன். இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

மௌன அஞ்சலியை நீக்கிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தாளை இரண்டாக மடித்து என் கையில் தந்தார். "இதில் கையெழுத்து வைக்க வேண்டியவன் அவன். வந்து வைப்பான்" என்றார்.

அத்தோடு முடிந்தது. மீதிப் பாடல்களை மட்டும் இறுவட்டாக வெளியிடலாமே என்ற பேச்சு வந்தது. நால்வருமே மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக அவர் காணக்கிடைக்கவில்லை என்று சான்றுரைக்கும் பத்திரம் பெறுவதற்கு 2016 இல் சட்டம் வந்திருக்கிறது, அதை வைத்து உரிமையைக் கையாள முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேட்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அந்தத் தாயின் படலையை இன்னொரு தாளோடு திறக்க என்னால் முடியவில்லை.

ஆகவே நீங்கள் கச்சேரிக்கு முன்பே செய்யுங்கள். தமிழில் ஒரு பக்கம் போதும். பதிவு செய்ய அனுமதி ஒன்று, வெளியிட அனுமதி வேறொன்று என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எந்தப் பாடல் யாருடையது என்று பெயரோடு குறியுங்கள். கலவையைக் கேட்ட பின் எத்தனை நாளுக்குள் மறுக்கலாம் என்று ஒரு காலக்கெடு வையுங்கள். பணம் தருகிறவருக்கு எது உரியது, எது உரியதல்ல என்று ஒரு வரி சேருங்கள். அதற்கும் முன்பு, மேடைக்கு வர முடியாதவரின் வீட்டுக்குத் தாள் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு போங்கள். அவரைப் பற்றி மேடையில் என்ன சொல்லலாம், படம் வைக்கலாமா, எப்படி வைக்கலாம் என்று அந்த வீட்டாரைக் கேளுங்கள். கச்சேரிக்கு அழையுங்கள். வருவதும் வராமல் விடுவதும் அவர்களுடைய முடிவு. வன்னியில் எந்தப் பழைய குழு கூடினாலும் இப்படி ஒரு வீடு இருக்கும்.

முள்ளியவளை இளைஞர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர்களுடைய குழுவிலும் ஒருவர் வரவில்லை. அன்று மாலையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்கள்.

கூட்டத்தில் இருப்பவர்களின் கைப்பேசிகள்

தடுக்க முடியாது. குழுவினர் மட்டும் தங்கள் துண்டுகளை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருக்கட்டும்.

ஒரே ஒரு பிரதி வைத்திருப்பது

எங்கள் பக்கத்து வெயிலும் செம்மண் புழுதியும் வன்தட்டுக்கு ஆகாது. வேறுவேறு வீடுகளில் மூன்று பிரதிகள் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொன்றையும் இயக்கிக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். கலவை மட்டும் போதாது, மூலத் தடங்களும் இருக்க வேண்டும். 2017 இன் பதிவை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை புதிய வன்தட்டுக்கு மாற்றியாகிவிட்டது. அந்த ஆறு பாடல்களின் கோப்புகளிலும் ஆக்கியவரின் பெயர் இருக்கிறது. பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லை.